தகட்டில் பெய்த மழை

டமாரத்தின் இடது கையை நசுக்கியவர், தினமும் மாலை ஐந்தரை மணிக்கு மாடியேறி வந்து, அதே கைக்குக் களிம்பு தடவிவிட்டுப் போனார்.

கைக்கட்டுப் பிரித்த நாளிலிருந்து ஒருநாள் தவறவில்லை. ஐந்தரை என்றால் ஐந்தரைதான். ஐந்து இருபத்தொன்பதுக்குப் படியில் காலடி கேட்கும். கம்பெனியில் அவருக்குக் கடிகாரம் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? மேசை, சாப்பாட்டு டப்பா, பக்கத்தில் நிற்பவன் முதுகு என்று கிடைத்த இடத்திலெல்லாம் தாளம் போட்டதால் இவனுக்கு டமாரம். கடிகாரம் இவனுடைய அக்கா வீட்டுக்காரர். கீழ் வீட்டில் அவர்கள் இரண்டு பேர். மாடி அறையில் இவனும், போர்வை போர்த்தி மூலையில் வைத்த இவனுடைய டிரம்ஸும்.

“கையை நீட்டு மாப்ள.”

நீட்டுவான். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அடியிலிருந்து நுனிக்கு நீவுவார். மூன்றிலும் எலும்பு முறிந்து, கம்பி வைத்து, கம்பி எடுத்தாகிவிட்டது. மோதிர விரல் மட்டும் சட்டை மாட்டுகிற கொக்கி மாதிரி வளைந்தே நின்றது. நீவும்போது அவர் விரல்களைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார். டமாரம் தரையைப் பார்ப்பான்.

அவர் ஏன் சுவரைப் பார்க்கிறார் என்பது கம்பெனிக்கே தெரியும். இவன் ஏன் தரையைப் பார்க்கிறான் என்பது இவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவர்கள் வேலை செய்தது இரும்பு பீரோ செய்கிற கம்பெனி. எட்டடித் தகட்டை வளைக்கிற பிரஸ் மெஷினுக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நின்று தகட்டை உள்ளே தள்ளுவார்கள். பெடல் கடிகாரத்தின் காலடியில். அவர் மிதித்தால் மேலிருந்து இரும்புப் பாளம் இறங்கும். தகடு மடிந்து, வெளியே நிற்கிற பாதி விசுக்கென்று மேலே எழும். அந்த நேரத்தில் தகட்டின் மேல் விரல் இருந்தால் தகட்டுக்கும் பாளத்துக்கும் நடுவே போய்விடும். அதனால்தான் சட்டம் போட்டிருந்தார்கள். எதிர் முனைக்காரன் கையை எடுத்துவிட்டு “ரைட்” என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மிதிக்க வேண்டும். சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதியே மாட்டியிருந்தது.

எழுதியவர் அந்த ஷெட்டில் அரைமணி நேரம் நின்றிருக்க மாட்டார். பக்கத்திலேயே இரும்பைத் தேய்க்கிற நாலு கிரைண்டர் ஓடும். காதில் அடைப்பான் வேறு. “ரைட்” என்று கத்தினால் கத்தியவனுக்கே கேட்காது. ஆகவே மச்சானும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். இடது கையை எடுத்த பிறகு, டமாரம் வலது கையால் தகட்டின் கோடியில் தட்டுவான். வேகமாக இரண்டு, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ஒன்று. டக்டக்... டக். காதுக்கு எட்டாது, ஆனால் இரும்பு ஏமாற்றாது. அந்தக் கோடியில் தட்டினால் இந்தக் கோடியில் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். உடனே கடிகாரத்தின் கால் இறங்கும். ஒரு நாளைக்கு இருநூறு தகடு. எட்டு வருஷம். ஒரு கீறல் கிடையாது. சூப்பர்வைசருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று சாயங்காலம், டமாரம் டிரம்ஸ் வாசிக்கிற குழுவுக்குக் கச்சேரி. ஒரு பாட்டின் நடுவே டிரம்ஸுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அங்கே என்ன வாசிப்பது என்று ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மாட்டவில்லை. காலை பதினொன்றரைக்கு, தகட்டை உள்ளே தள்ளிய கையோடு, எங்கிருந்தோ வந்து மாட்டியது. இரண்டு கை விரல்களும் மாறி மாறி உருட்டுகிற ஒரு தாளம். பொட்டுப் பொட்டென்று ஆரம்பித்து, சடசடவென்று அடர்ந்து, பட்டென்று நின்று, கடைசியில் ஒரு முத்தாய்ப்பு. கையை எடுக்க வேண்டும் என்ற ஞாபகம் வருவதற்குள் விரல்கள் தகட்டின் மேலேயே அதை வாசித்துவிட்டன.

முத்தாய்ப்பு என்ன தெரியுமா? வேகமாக இரண்டு, ஒரு மூச்சு, பிறகு ஒன்று. எட்டு வருஷமாக நாளுக்கு இருநூறு தடவை அதையே தட்டிய கை வேறு எதைக் கொண்டு முடிக்கும்?

கடிகாரத்தின் கால், தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். கட்டிலின் கால்மாட்டில் அக்கா. சுவரோரம் கடிகாரம், சட்டையெல்லாம் ரத்தம். தனக்குச் சைகை வந்த மாதிரி இருந்தது, அதனால் மிதித்தேன், ஆனால் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் இவன் பக்கம் குனிந்தார்.

“நீ தட்டினியா, தட்டலையா? அதை மட்டும் சொல்லு.”

“இல்ல” என்றான் டமாரம்.

ஒரே ஒரு வார்த்தை. ஒரு டிரம்மர் தன் கையைத் தானே வாசித்து நசுக்கிக்கொண்டான் என்பதை அந்த நிமிஷத்தில் அவனாலேயே விழுங்க முடியவில்லை. மயக்க மருந்தின் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் மருந்து அன்று சாயங்காலமே தெளிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த நாளை நான்கு மாதமாக வரவேயில்லை.

இடையில் என்னென்னவோ நடந்தது. கடிகாரத்தை மெஷினிலிருந்து எடுத்து, பீரோக்களுக்கு அட்டை சுற்றுகிற பேக்கிங் பிரிவில் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் மெஷினில் நின்ற மனுஷன் கத்தரிக்கோலும் டேப்புமாக உட்கார்ந்தார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் காலைத்தான் நம்பாமல் போனார். ஸ்கூட்டரை உறை போட்டு மூடினார். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் இது எதை மிதிக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பார், சிரித்துக்கொண்டே. நடந்தே வேலைக்குப் போனார். படி இறங்கும்போது ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்து, காலுக்கு அனுமதி கொடுத்து இறக்கினார்.

அக்கா முதல் ஒரு மாதம் புருஷனிடம் பேசவேயில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், எழுந்து போய்விடுவாள். அம்மா அப்பா போன பிறகு தன் கையால் வளர்த்த தம்பி. அந்தத் தம்பியின் கையை வீட்டுக்காரரே நசுக்கிவிட்டு வந்தால் எந்த முகத்தோடு பேசுவது? கீழே நிலவிய அந்த மௌனம் படியேறி மாடிக்கும் வரும். இவன் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இரண்டாவது வாரம்தான் இவன் டிரம்ஸ் வாசிப்பவன் என்று தெரிந்தது. பந்தைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டார்.

“இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? தினமும் இருபது நிமிஷம் வாசிங்க. வலிச்சா நல்லது. வீங்கினா நிறுத்துங்க.”

குச்சியை எப்படிப் பிடிப்பது? மூன்று விரல் மடங்காது. வெளியே பெஞ்சில் பையோடு காத்திருந்த கடிகாரத்தின் காதில் இது விழுந்திருக்கிறது. மறுநாள் ஐந்தரைக்கு வந்தவர் ஒரு தோல் பட்டையை எடுத்து நீட்டினார். உள்ளங்கையைச் சுற்றி மாட்டிக்கொள்ள ஒரு சின்ன பக்கிள். குச்சியைச் செருக, தைத்த ஒரு மடிப்பு. கச்சிதமாகப் பொருந்தியது. டமாரம் பட்டையைத் திருப்பிப் பார்த்தான். பழகிய தோல். அவருடைய இடுப்பைப் பார்த்தான்.

“மச்சான், உங்க பெல்ட்டு?”

“எனக்கு எதுக்குடா பெல்ட்டு. பேண்ட்டைத்தான் தொப்பை பிடிச்சு வெச்சிருக்கே.”

சிரிக்க வேண்டிய இடம். டமாரம் குனிந்து குச்சியை மடிப்பில் செருகினான். அன்றிலிருந்து களிம்புக்குப் பிறகு இருபது நிமிஷம் பயிற்சி. மேசை மேல் ரப்பர் பலகை. எதிரே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் அவரே.

நான்காவது மாத முடிவில் ஒரு திங்கட்கிழமை அவர் சட்டைப்பையில் ஒரு கடிதத்தோடு வந்தார். டாக்டர் சர்டிபிகேட் வந்து சேர்ந்துவிட்டதாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை. பாதுகாப்பு அதிகாரி நேரில் வருகிறார். கடிகாரம் இனி எந்த மெஷினையாவது தொடலாமா, கூடவே கூடாதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும்.

“அவங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே எழுதிக் குடுத்துடறேன். எனக்கு மெஷின் வேணாம், என் காலை நம்பி யாரும் பக்கத்துல நிக்க வேணாம்னு” என்றார். ஏதோ வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

டமாரம் பட்டையை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். மேசை ஆடியது. அவர் இரண்டு உள்ளங்கையையும் மேசையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இடது கை நொண்டியது. வலது கை அலுத்துப்போய்த் தன் பாட்டுக்கு ஒரு முடிவை வைத்தது. வேகமாக இரண்டு. ஒரு மூச்சு. பிறகு ஒன்று.

மேசைக்கு அடியில் தொப்பென்று ஒரு சத்தம். கடிகாரத்தின் வலது கால் தரையை மிதித்திருந்தது.

இருவரும் அந்தக் காலையே பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போனது. “பாத்தியா” என்றார் மெதுவாக. “வீட்டுல உக்காந்து மேசையைப் பிடிச்சா கூட இறங்குது. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

இனி முடியாது என்று இருந்தது டமாரத்துக்கு. குச்சியைக் கீழே வைத்தான். நான்கு மாதமாக உள்ளே கிடந்தது ஒரே மூச்சில் வெளியே வந்து விழுந்தது. “மச்சான், அன்னைக்கு நீங்க தப்பு பண்ணல. நான்தான் தட்டினேன். கையை எடுக்காமலே தட்டினேன். ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய்.”

இந்த நான்கு மாதத்தில் இல்லாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் மெல்லப் பரவியது. எழுந்து வந்து அவன் தலையில் கையை வைத்தார்.

“என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாத மாப்ள. அன்னைக்கு என் கைக்கு வந்தது உன் சைகையே இல்ல. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொன்னா பைத்தியம்பாங்க. தகட்டுல மழை பெஞ்சுது. முதல்ல பொட்டு பொட்டா, அப்புறம் சடசடன்னு. அதுக்கப்புறம்தான் ரெண்டும் ஒண்ணும் வந்துது. கூரைக்குள்ள எப்படி மழை பெய்யும்? என் மண்டைதான் பிசகியிருக்கு. கால் பாவம், அதைச் சொல்லி என்ன.”

வாசலில் காபி டம்ளரோடு அக்கா நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தம்பிக்கு இருக்கிற மனசு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்றாள்.

இரண்டு அறை விட்டிருந்தால்கூட டமாரத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னதற்கு நல்லவன் பட்டம் கிடைத்துவிட்டது. சத்தியம் செய்து பார்த்தான். செய்யச் செய்ய அவர்கள் இன்னும் உருகினார்கள். அந்த மழையை வாசித்தவன் நான்தான் என்றான். இப்போது நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாய் என்று கடிகாரம் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார், ஒவ்வொரு படியாகப் பார்த்து.

ஒரே வழிதான் இருந்தது. வாயால் சொன்னதை நம்பாதவர், உள்ளங்கை சொன்னால் நம்புவார். அந்த மழையைத் திரும்பவும் பெய்ய வைக்க வேண்டும். ஆனால் அது இரண்டு கை மழை. வலது கை தயார். இடது கை?

செவ்வாய்க்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருபது நிமிஷக் கணக்கெல்லாம் போய்விட்டது. வலது கை இரண்டு போட்டால் இடது கை அரை போட்டது. உருட்டலில் இரண்டு கையும் சமமாக விழ வேண்டும். ஒன்று தடுக்கினால் மழை இல்லை, ஓட்டைக் குழாய் சொட்டுகிற சத்தம். மதியத்துக்குள் மோதிர விரல் வீங்கிவிட்டது. வீங்கினால் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான்.

மாலையில் கடிகாரம் வீக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு திட்டுத் திட்டினார். ஆனால் முகத்தில் சந்தோஷம். எங்கேயாவது கச்சேரிக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்டார். வியாழக்கிழமை ஒரு இடத்தில் வாசிக்க வேண்டும் என்றான்.

“அடடா. அன்னைக்குத்தானே எனக்கு விசாரணை. கேக்க வர முடியாதே மாப்ள.”

டமாரம் கையை நீட்டினான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு களிம்பு தடவினார். பிறகு எதிரே உட்கார்ந்து, இவனுக்காக எண்ணிக் கொடுத்தார். தான் எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியாமலே, அன்றும் எண்ணினார், புதன்கிழமையும் எண்ணினார். புதன் முடியும்போது மழை முக்கால்வாசி வந்திருந்தது. மீதிக் கால்வாசியில் இடது கை கெஞ்சியது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஷெட்டில் கிரைண்டர்களை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியே டமாரத்துக்குப் பயமாக இருந்தது. பாதுகாப்பு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். சிரிக்கிற முகம் இல்லை. கடிகாரம் எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினார். அதிகாரி வாங்கிப் பைலின் மேல் வைத்துவிட்டு, அடிபட்டவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

டமாரம் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். சைகையை, மழையை, ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை. சூப்பர்வைசர் தன் ஷூவை ஆராய ஆரம்பித்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். உடனே கடிகாரம் குறுக்கே வந்தார்.

“எழுதாதீங்க மேடம். இவன் என் மச்சினன். என் மேல இருக்கிற பிரியத்துல உளர்றான். தப்பு என்னுது.”

அதிகாரி பேனாவை மூடினார். “இருபது வருஷமா விசாரிக்கிறேன். ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுத்தான் பாத்திருக்கேன். உங்களை மாதிரி பழிக்கு வரிசையில நின்னு நான் பாத்ததில்ல. யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன் மேடம். வாசிச்சுக் காட்டறேன்” என்றான் டமாரம்.

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மெஷினின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு தலையசைத்தார். எட்டடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே தள்ளினார்கள். ஒரு முனையில் கடிகாரம். பெடலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார், செத்த மெஷின் என்று தெரிந்தும். டமாரம் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு தகட்டைப் பிடிக்கச் சொன்னான். இவன் சொல்வதைச் செய்து தொலைத்தால்தான் விடுவான் என்கிற மாதிரி அவர் மூடிக்கொண்டார்.

அவன் பட்டையை மாட்டி, குச்சியைச் செருகி, ஆரம்பித்தான். வரவில்லை. பாதியில் இடது குச்சி வழுக்கி, தகட்டின் மேல் அசிங்கமாக உருண்டது. கடிகாரம் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

“போதும் விடு மாப்ள. கை வலிக்கும்.”

அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். டமாரத்தின் முதுகில் வியர்வை இறங்கியது. இரண்டு நாள் உழைப்பு, எங்கே தவறியது? அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ஏது குச்சி? வெறும் விரல்தானே வாசித்தது. கச்சேரி புத்தியில் இரண்டு நாளும் குச்சியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறான்.

பக்கிளைப் பல்லால் இழுத்து, பட்டையைக் கழற்றி மெஷின் மேல் வைத்தான். வீங்கிய இடது கையைத் தகட்டின் மேல் வைத்தான். அதே இடத்தில். உள்ளுக்குள் ஏதோ ஒன்று கையை எடு, எடு என்று கத்தியது. எடுக்கவில்லை. வளைந்த மோதிர விரலின் நகம் முதலில் இரும்பைத் தொட்டது. பொட்டு. வலது கை பதில் சொன்னது. பொட்டு, பொட்டு. கொக்கியாக வளைந்த விரல், குச்சியைவிடக் கூர்மையாக விழுந்தது. வலி முழங்கை வரைக்கும் ஏறியது. ஏறட்டும் என்று விட்டான். பொட்டுகள் நெருங்கின, அடர்ந்தன, சடசடவென்று தகடு முழுக்கப் பெய்து, பட்டென்று நின்றது.

வேகமாக இரண்டு. ஒரு மூச்சு. பிறகு ஒன்று.

கடிகாரத்தின் கால் தரையில் இறங்கியது. இரண்டடி தள்ளி, பெடலே இல்லாத இடத்தில்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கைகள் இன்னும் தகட்டிலேயே இருந்தன. “மழை” என்றார். அதிகாரியிடம் இல்லை, யாரிடமும் இல்லை. “இதேதான். இதே மழைதான்.”

முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. டமாரம் அதைப் பார்த்தான். நான்கு மாதமாகச் சுமந்தது ஒன்று அந்தத் தோளிலிருந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவர் கண்ணைத் திறந்து இவனைப் பார்த்தார்.

“இது உனக்கு எப்ப ஞாபகம் வந்துது?”

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமை என்று சொல்லலாம். நம்பிவிடுவார். இவன் எது சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

“மறக்கவே இல்ல மச்சான். ஆஸ்பத்திரியில ‘இல்ல’ன்னு சொன்னப்பவே தெரியும்.”

கடிகாரம் தகட்டிலிருந்து கையை எடுத்தார். அதிகாரியிடம் போய்த் தன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஷெட்டை விட்டு வெளியே நடந்தார். வாசல்படியில் இறங்கும்போது குனிந்து பார்க்கவில்லை.

அதிகாரி நாலு பக்கம் எழுதினார். சட்டத்தை மீறித் தங்களுக்குள் சைகை வைத்துக்கொண்டதற்கு இருவருக்கும் எச்சரிக்கை. கண்டும் காணாமல் இருந்த சூப்பர்வைசருக்குத் தனியாக ஒன்று. இரண்டு முனையிலும் பொத்தான் அழுத்தினால்தான் இறங்குகிற மாதிரி மெஷினை மாற்றச் சொன்னார். கடிகாரம் திங்கட்கிழமையிலிருந்து மெஷினுக்குத் திரும்பலாம். டமாரம் இனி மெஷின் பக்கம் வரக்கூடாது. கை தேறினால் பேக்கிங் பிரிவு. கத்தரிக்கோலும் டேப்பும்.

தோல் பட்டையை எடுத்துக்கொண்டு அவன் தனியாக வீட்டுக்கு வந்தான்.

மதியம் அக்கா மாடிக்கு வந்தாள். சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தாள், தண்ணீர் வைத்தாள். திட்டுவாள், அழுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் வாசல் வரைக்கும் போய் நின்றாள்.

“ஒரு மாசம் அந்த மனுஷன்கிட்ட நான் பேசல. தெரியுமில்ல உனக்கு? மேலேதானே இருந்தே.”

“தெரியும்க்கா.”

“ம்” என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

ஐந்து இருபத்தொன்பதுக்கு அவன் தன்னை அறியாமல் மேசை மேல் இடது கையை நீட்டி வைத்தான். படியில் காலடி கேட்கவில்லை. ஐந்தரை. ஐந்து முப்பத்திரண்டு. கீழே ஏதோ சரசரத்தது. ஸ்கூட்டர் உறையை இழுக்கிற சத்தம். ஒரு உதை. கிளம்பவில்லை. நான்கு மாதமாக நின்ற வண்டி. இன்னொரு உதை. மூன்றாவது உதை பலமாக விழுந்தது. எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் ஓடி, திருப்பத்தில் தேய்ந்து மறைந்தது. அக்காவின் சிரிப்புச் சத்தம் அதற்குள் எங்கேயோ கேட்டது. பின்னால் உட்கார்ந்து போயிருக்க வேண்டும்.

மேசை மேல் களிம்பு டியூப் இருந்தது. மூடியைத் திறந்து, பிதுக்கி, வலது கையால் இடது கையின் மோதிர விரலைப் பிடித்தான். நீவினான். சுரீர் என்றது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். மெதுவாகவா, அழுத்தியா? அடியிலிருந்து நுனிக்கு என்பது வரைக்கும் ஞாபகம் இருந்தது. எந்த விரலுக்கு எவ்வளவு அழுத்தம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அது மச்சானுக்குத்தான் தெரியும்.